இரண்டு முழம் தள்ளி

நம் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்: வீட்டு வேலை எந்த மட்டில் இருக்கிறது, முட்டி வலி எப்படி, மகனோடு இன்னும் சண்டைதானா என்று. ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகப் பதில் போட எனக்குப் பொறுமை இல்லை. முப்பத்தைந்து வருஷம் கலெக்டர் ஆபீசில் பத்து விரலாலும் டைப் அடித்தவளுக்குப் போனில் கட்டைவிரலால் குத்துவது இன்னும் கைவரவில்லை. அதனால் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஒரேயடியாக எழுதி அனுப்புகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பாதியிலேயே விட்டுவிட்டு ஒரு கைகூப்பும் படத்தை அனுப்பிவிடுகிறவள் யார் என்று எனக்குத் தெரியும், இந்தத் தடவை அவளும் முழுசாகப் படிக்க வேண்டும்.

முதலில் குடும்பச் செய்தி. பெரியவளுக்கு இரண்டாவதும் பெண், தாயும் பிள்ளையும் சுகம். வீட்டுக்காரருக்கு வலது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சுவர் மூலையில் இருக்கும் ஒட்டடை எல்லாம் தெளிவாகத் தெரிகிறதாம், தினம் ஒன்றைக் கண்டுபிடித்து எனக்குக் காட்டுகிறார். மகன் வேங்கிக்காலில் லிஃப்ட் வைத்த வீடு ஒன்றைப் பார்த்துவிட்டு, "அங்க வந்துடும்மா, ரெண்டு பேரும் எதுக்கு அந்தப் பழைய வீட்டுல கஷ்டப்படறீங்க?" என்றான். நான் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். அப்பா விட்டுப் போன வீடு இது. நான் ஒரே பெண். இங்கிருந்து கிளம்புவதாக எனக்கு உத்தேசம் இல்லை.

சரி, அப்படியென்றால் வீட்டையாவது சரி செய்து தருகிறேன் என்று ஓர் இன்ஜினீயர் பையனையும் ஒரு மேஸ்திரியையும் அனுப்பினான். மாடி ஒழுகல் அடைத்தாகிவிட்டது. படிக்குக் கைப்பிடி வைத்தாகிவிட்டது. தரைக்கு வழுக்காத டைல்ஸ் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டத்தில் இரண்டு நாள் மணல் வண்டி ஊருக்குள் வர முடியாது, அந்த இரண்டு நாளும் வேலை நின்றுவிடும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக நின்றது பாத்ரூம். என் முட்டிக்கு வெஸ்டர்ன் டாய்லெட்தான் சரி, அதுவும் படுக்கிற அறையோடு சேர்ந்து இருக்க வேண்டும் என்று மகனும் இன்ஜினீயரும் பேசி முடித்திருந்தார்கள். பின் அறைக்கு வெளியே அப்பா காலத்துக் கக்கூஸ் ஒன்று இருக்கிறதே, அதை இடித்துவிட்டு அதே இடத்தில் புதுசு. பின் அறைச் சுவரில் அடைத்துக் கிடக்கும் பழைய ஜன்னலை உடைத்து அந்த இடத்தில் கதவு. பிளான் போட்டு, கலர் அடித்து, போனில் அனுப்பியிருந்தான். நான் வேண்டாம் என்றதும் மகன் போன் செய்து, "உனக்காகத்தானேம்மா கட்டறோம்" என்றான்.

இந்த வார்த்தையை இதே வீட்டில், இதே சுவரைப் பற்றி, நான் முன்பே ஒரு தடவை கேட்டிருக்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. உங்கள் எவளிடமும் இதை நான் சொன்னதில்லை. மலேயா போய்வந்ததைப் பற்றி வகுப்பு முழுக்க அளந்தேனே, அதில் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டேன்.

அத்தையை உங்களுக்கு மறந்திருக்காது. அப்பாவுக்கு அக்கா. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப் போய்விட்டது. இரண்டு கையையும் தரையில் ஊன்றி, உட்கார்ந்தபடியே நகர்வாள். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் நீங்கள் நாலைந்து பேர் என்னோடு ஓடி வந்ததெல்லாம் என் மேல் இருந்த பிரியத்தால் இல்லை, வேர்க்கடலையும் வெல்லமுமாக அத்தை பிடித்து வைத்திருக்கும் மல்லாட்டை உருண்டைக்காகத்தான். அந்த வெல்லப் பாகு கடைவாயில் ஒட்டிக்கொண்டு கடைசிப் பீரியட் வரைக்கும் கரையும். அப்பாவுக்குக் கீழ்பென்னாத்தூர் பக்கம் கொஞ்சம் நிலம் இருந்தது. அங்கிருந்து வரும் மல்லாட்டையை விதைக்கு உடைப்பது அத்தையின் வேலை. பின் அறையில் சுவரோரமாக உட்கார்ந்து, விரலால் நசுக்கி நசுக்கி, தோல் ஒரு பக்கம் பருப்பு ஒரு பக்கம் என்று குவித்துக்கொண்டிருப்பாள். அந்த அறைக்கே உலர்ந்த மல்லாட்டைத் தோலின் வாசனைதான்.

அவள் உட்காரும் இடத்துக்கு எதிரே மேற்குப் பார்த்து ஒரு ஜன்னல். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் ஆரம்பிக்கும். தரையில் உட்காருகிறவர்களுக்காகவே வைத்த ஜன்னல். அதில் மலை தெரியும். நம் ஊரில் மலை தெரியாத வீடு அப்போது ஏது? அதனால் யாரும் அதை ஒரு சங்கதியாகவே நினைக்கவில்லை. அத்தை மட்டும் அங்கிருந்தபடியே, "உச்சியில மேகம் உக்காந்துக்கிச்சு, துணிய எடுங்க" என்பாள். "ஆடு மேய்க்கறவன் இன்னிக்கு லேட்டா எறங்கறான்" என்பாள். கார்த்திகை தீபத்தன்று பெரியவர்கள் யாரும் காலையிலிருந்து சாப்பிட மாட்டார்கள். உச்சியில் நெருப்புத் தெரிந்த பிறகுதான் வீட்டு விளக்கு, அதற்குப் பிறகுதான் சாப்பாடு. எங்கள் வீட்டில் அதை முதலில் பார்த்துச் சொல்வது அத்தைதான். பின் அறையிலிருந்து "அரோகரா" என்று அவள் குரல் வந்ததும் அம்மா வாசலில் அகல் ஏற்றுவாள். தெருவே தன் குரலுக்குத்தான் விளக்கு ஏற்றுகிறது என்று அத்தை சொல்லிக்கொள்வாள். அது கொஞ்சம் அதிகப்படிதான், ஆனால் பக்கத்து இரண்டு வீடுகள் ஏற்றியது உண்மை.

இன்னொரு வழக்கமும் வீட்டில் இருந்தது. அத்தை தனக்கு வேண்டியதை அப்பாவிடம் நேராகக் கேட்க மாட்டாள். தம்பி வீட்டில் இருந்து சாப்பிடுகிறோம், வாய் திறந்து கேட்பது அழகில்லை என்று நினைத்திருக்கலாம். ஒரு தைலம் வேண்டுமென்றாலும், பாய் கிழிந்துவிட்டது என்றாலும் என்னிடம் சொல்வாள். "நான் சொன்னேன்னு சொல்லாத, நீயா கேக்கற மாதிரி கேளு" என்பாள். நானும் கேட்பேன். அப்பாவுக்கும் அது யாருடைய கேள்வி என்று தெரியும், தெரியாதது போல வாங்கி வருவார். அவர்கள் இருவருக்கும் நடுவில் தபால்காரியாக இருந்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம்தான் பினாங்கிலிருந்து மாமா கப்பல் டிக்கெட் அனுப்பினார். அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் குமாஸ்தா, கல்யாணம் ஆகாதவர். அக்கா கையால் ஒரு மாசம் சாப்பிட வேண்டும் என்பதுதான் அவருக்கு ஆசை. அதற்கு நாங்கள் கடல் தாண்டிப் போக வேண்டும். கோடை லீவில் மூன்று பேரும் போவதாகவும், அத்தைக்குப் பக்கத்து வீட்டுக்காரி துணை இருப்பதாகவும் முடிவானது. நான் கனவில்கூடக் கப்பலையே கண்டேன்.

அதே சமயத்தில்தான் அப்பா கக்கூஸ் கட்டவும் தீர்மானித்தார். அதற்கு முன்னால் அத்தை, கொல்லைக் கோடியில் படுதா கட்டிய மறைப்புக்குத் தினமும் கையை ஊன்றி ஊர்ந்து போய்வர வேண்டும். மழைக்காலத்தில் சேற்றில் அவள் திரும்பி வரும்போது அம்மா ஒரு குடம் தண்ணீரோடு காத்திருப்பாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அப்பா கட்ட நினைத்தார். பின் அறைக் கதவைத் திறந்தால் இரண்டே நகர்வில் போய்விடலாம்படி, பின் அறைச் சுவரையே ஒரு பக்கச் சுவராக வைத்துக் கட்டலாம் என்று மேஸ்திரியிடம் சொன்னார். ஜன்னலை அடைத்துவிட வேண்டியதுதான்.

அத்தை முதலில் சாமியை இழுத்தாள். "மலையப் பாத்த பக்கமாவா கக்கூஸு? கால நீட்டிப் படுக்கவே யோசிக்கிற ஊரு இது" என்றாள். அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரியும் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொன்னார்கள். அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "உனக்காகத்தானே அக்கா கட்டறேன்? எனக்கா கால் இல்ல?" என்றார். அதைச் சொன்ன பிறகு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கிளம்ப நான்கு நாள் இருந்தது. நான் என் பெட்டியில் ரிப்பன்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை கூப்பிட்டாள்.

"பாப்பா, அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும். நான் சொன்னேன்னு சொல்லாத."

"இன்னா அத்த?"

"கக்கூஸு வரட்டும், நல்லதுக்குத்தான் கட்டறான். ஒரு ரெண்டு மொழம் மாட்டுக் கொட்டாய் பக்கமாத் தள்ளிக் கட்டச் சொல்லு. மாட்டுத் தொட்டிய எடுத்துட்டா எடம் இருக்குது. இந்த ஜன்னல் மட்டும் இருக்கட்டும்."

"சாமி குத்தமா அத்த?"

அவள் கையிலிருந்த மல்லாட்டையை உடைக்காமலே உருட்டிக்கொண்டிருந்தாள். "சாமியெல்லாம் இல்ல. அது சும்மா சொன்னது. நீங்கல்லாம் தெருவுக்குப் போறீங்க, கடைக்குப் போறீங்க, நீ ஸ்கூலுக்குப் போற. நான் போற எடம் இதான் பாப்பா" என்றாள்.

சொல்கிறேன் என்று நானும் தலையை ஆட்டினேன். சொல்லத்தான் போனேன். அடுப்படியில் அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். "இனிமே அந்தக் கக்கூஸப் பத்தி எவனாவது வாயத் தொறந்தீங்க, டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு வூட்லயே உக்காந்துக்குவேன். வேலைய முடிச்சிட்டு அப்புறம் பாத்துக்கலாம் பினாங்கும் மண்ணாங்கட்டியும்." அப்பா சொன்னால் செய்கிற ஆள் என்று எனக்கு அப்போது உறுதியாகத் தோன்றியது. அவர் வராவிட்டால் அம்மா வர மாட்டாள். அம்மா வராவிட்டால் நான் ஏது? வாசற்படியிலேயே திரும்பிவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன். நான்காம் நாள் காலை பஸ் ஏறும்போது அத்தை வாசல்வரை நகர்ந்து வந்து என்னைப் பார்த்தாள். நான் கை ஆட்டினேன். அவளும் ஆட்டினாள். சொல்லியிருப்பேன் என்று நம்பியிருக்கிறாள்.

கப்பலைப் பற்றி நான் உங்களிடம் சொன்னதில் பாதி பொய். அலை மாடி உயரம் எழுந்ததாகச் சொன்னேன், அப்படியெல்லாம் இல்லை. பெயின்ட்டும் எண்ணெயும் கலந்த ஒரு வாடைதான் நினைவில் நிற்கிறது. அம்மா ஆறு நாளும் எலுமிச்சை ஊறுகாயை முகர்ந்துகொண்டு படுத்தே கிடந்தாள். அப்பா சட்டையில் கழுத்துப் பொத்தானைக்கூட விடாமல் போட்டுக்கொண்டு மேல் தளத்தில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் திருவண்ணாமலை என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பினாங்கில் மாமா வீட்டில் அப்பாவை அசத்தியது கடலும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. கக்கூஸ்தான். சங்கிலியைப் பிடித்து இழுத்தால் மேலிருந்து தொபுகடீர் என்று தண்ணீர் இறங்கும். முதல் நாள் அப்பா அதை ஏழெட்டுத் தடவை இழுத்தார். மாமா வெளியே நின்று அப்பாவிடம், "மாமா, தண்ணி தொட்டியில ரொம்பணும், கொஞ்சம் விடுங்க" என்று கெஞ்ச வேண்டியிருந்தது. அப்பா முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வைத்து அந்த அறையின் நீள அகலத்தை அளந்தார். "இதே மாதிரி சங்கிலி ஒண்ணு வாங்கிக்கினு போகணும். அக்கா உக்காந்த எடத்துலேர்ந்தே இழுக்கலாம்" என்றார். சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அக்கா அக்கா என்று சொல்லச் சொல்ல, நான் பாதிச் சோற்றில் கை கழுவ எழுந்துவிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களை அந்த ஊர் மலைக்குக் கூட்டிப் போனார். மலை மேல் ஏறுகிற ரயில் என்று சொன்னபோது நான் நம்பவில்லை. இதில் நடந்த கூத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், மறுபடி சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. மலை என்றதும் நாங்கள் மூன்று பேரும் யாரும் சொல்லாமலே கீழ் ஸ்டேஷனில் ஒரு பெஞ்சுக்கு அடியில் செருப்பைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வெறுங்காலோடு ரயில் ஏறினோம். மாமா டிக்கெட் வாங்கப் போயிருந்ததால் கவனிக்கவில்லை. மேலே போய் இறங்கியதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஏதோ ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் கைகட்டி நின்று எங்களைப் பார்த்தது. மாமா அப்போதுதான் எங்கள் காலைப் பார்த்தார். "அக்கா, இது சாமி மலை இல்ல, சும்மா காத்து வாங்கற மலை" என்றார். "மலையில என்னாடா சும்மா மலை?" என்றாள் அம்மா. திரும்பி வந்து பார்த்தால் மூன்று ஜோடியும் இல்லை. பெருக்குகிறவர்கள் குப்பை என்று அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள்.

நான் உங்களிடம் சொல்லாதது மேலே நடந்ததை. அங்கே ஒரு கைப்பிடிச் சுவர் ஓரமாக அப்பா என்னைத் தூக்கி நிறுத்தி, கீழே கடலையும் கப்பல்களையும் காட்டினார். குளிர்ந்த காற்று. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நாம ஊருக்குப் போறதுக்குள்ள வேலை முடிஞ்சிருக்கும். அக்காவுக்கு இனிமே ஒரு கஷ்டமும் இல்ல" என்றார். இப்போது சொன்னால் இவர் ஒரு தந்தி அடிப்பார், ஜன்னலை மூடாமல் விட்டுவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த அளவு தெரியாது என்று யாராவது எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம், தெரிந்தது.

"அப்பா, ஜன்னல்..." என்றேன்.

"எந்த ஜன்னல்?"

அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அந்தச் சிரிப்புப் போய்விடும். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்பார்.

"ரயில்ல எறங்கறப்ப ஜன்னலாண்ட நான் உக்காந்துக்கறேன்" என்றேன். "உக்காந்துக்கோ" என்றார்.

ஊர் திரும்பும்போது மாமா எனக்கு ஒரு பிஸ்கட் டப்பா கொடுத்தார். தகர டப்பா, மூடியில் அந்த மலையும் ரயிலும் பச்சையும் சிவப்புமாக அச்சடித்திருந்தது. பிஸ்கட்டைக் கப்பலிலேயே தின்றுவிட்டு, டப்பாவை அத்தைக்கென்று வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுண்ணாம்பும் சிமென்ட்டுமாக ஈர வாடை அடித்தது. கக்கூஸ் பளிச்சென்று நின்றது. பின் அறையில் பட்டப்பகலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னல் இருந்த இடத்தில் வெளிப்பக்கம் செங்கல் வைத்துப் பூசி, உள்பக்கம் சாமான் வைக்கிற ஒரு மாடப்பிறை மாதிரி விட்டிருந்தார்கள். அத்தை அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். "வா பாப்பா, கறுத்துட்ட" என்றாள். அப்பா அவளைக் கையைப் பிடித்து நகர்த்திக் கூட்டிப் போய், சங்கிலியை எங்கே மாட்டப்போகிறார் என்று காட்டினார். அவளும் எல்லாவற்றையும் பார்த்து, "நல்லா இருக்குது" என்றாள்.

எல்லோரும் அந்தப் பக்கம் போன பிறகு என்னைப் பார்த்தாள். "அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன் அத்த."

"இன்னா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

"சரி" என்றாள். நான் டப்பாவைக் கொடுத்தேன். வாங்கி மூடியைத் தடவிப் பார்த்தாள். இது எந்த மலை, மேலே என்ன இருக்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டாள். பிறகு அந்தப் பிறையில் வைத்துவிட்டாள். அவள் போகும்வரை அது அங்கேதான் இருந்தது, பிறகு ஏதோ ஒரு வெள்ளையடிப்பில் தொலைந்துபோனது.

அன்றிலிருந்து அத்தை என்னிடம் எதையும் கேட்டனுப்பியதில்லை. அப்பாவிடமும் மாறிவிட்டாள். அதுவரை "தம்பி, வா, சாப்புடு" என்றுதான் சொல்வாள். அதன் பிறகு "வாங்க, சாப்புடுங்க" என்று ஆரம்பித்தாள். அப்பா முதலில் பூரித்துப்போனார். கப்பலேறிப் போய் வந்த மனுஷனுக்கு வீட்டிலும் மரியாதை கூடிவிட்டது என்று மல்லாட்டை மண்டியில் போய்ச் சொல்லிக்கொண்டார். அம்மாவும் அதை நம்பினாள். அந்த வீட்டில் அது மரியாதை இல்லை என்று தெரிந்தவர்கள் இரண்டே பேர், நானும் அத்தையும். அவளுக்கும் காரணம் தப்பாகத்தான் தெரியும்.

அந்த வருஷத் தீபத்துக்கு அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு போய் மாடியில் உட்கார வைக்கிறேன் என்றார். "வேணாங்க. நீங்க பாத்துட்டுச் சொல்லுங்க, போதும்" என்றாள். நானும் அப்பாவும் மாடியில் நின்றோம். உச்சியில் நெருப்பு எழுந்ததும் ஊரே குரல் கொடுத்தது. அப்பா படியில் பாதி இறங்கி, "அக்கா, ஏத்தியாச்சு" என்றார். கீழே அத்தையின் குரல் வரவில்லை. அம்மாதான் வாசலில் விளக்கு ஏற்றினாள். பக்கத்து வீட்டுக்காரி எங்களுக்கு முன்பே ஏற்றிவிட்டிருந்தாள். நான் மலையைப் பார்க்காமல் படியையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் வேலையில் சேர்ந்த வருஷம் அத்தை போய்விட்டாள். கடைசிவரை யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தாள் என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். அப்பா அதற்குப் பிறகு வெகுகாலம் இருந்தார். அவர் படுக்கையில் கிடந்த கடைசி மாசத்தில் ஒரு நாள், நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கூப்பிட்டார்.

"எங்க அக்கா அந்த ஜன்னல அடைச்சப்புறம்தான் மாறிச்சு. எனக்கு அப்புறம்தான் உறைச்சுது. ஒரு வார்த்த சொல்லியிருந்தா தள்ளிக் கட்டியிருக்க மாட்டேனா? அந்தத் தொட்டிய இடிச்சா போதுமே. ஏன் சொல்லல? உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியலப்பா" என்றேன்.

பத்து வயதில் சொன்ன பொய்யை நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். நானே எப்போதோ மன்னித்துவிட்டேன். இது நாற்பத்தேழு வயதில் சொன்னது. பையில் டிபன் பாக்ஸோடு, கையில் குடையோடு, ஒரு செக்‌ஷனையே கட்டி மேய்க்கிற சூப்பிரண்டாக நின்று சொன்னது. எதற்குப் பயந்தேன் என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் அந்தக் கேள்வியோடேயே போனார். அந்தச் சுவரை இடிக்க எனக்கு எத்தனையோ சந்தர்ப்பம் இருந்தது. இடித்தால் ஏன் என்று கேட்பார்களே என்று தள்ளிப் போட்டேன்.

இப்போது திரும்பவும் போன வாரத்துக்கு வருகிறேன். மகன் "உனக்காகத்தானேம்மா" என்றதும், "எனக்காகன்னா என்னைக் கேட்டுட்டுக் கட்டு" என்றேன். போனை வைத்துவிட்டு மேஸ்திரியைக் கூப்பிட்டு, முதலில் அந்தக் கக்கூஸை இடி, பிறகு அந்த ஜன்னலில் அடைத்த செங்கல்லை எடு, மற்றதைப் பிறகு பேசலாம் என்றேன். ஒன்றரை நாள் ஆனது. அப்பா காலத்துப் பூச்சு லேசில் விடவில்லை. கடைசிச் செங்கல் விழுந்ததும் அறைக்குள் தூசியும் வெளிச்சமும் சேர்ந்து வந்தன.

இன்ஜினீயர் குனிந்து பார்த்தார். "மேடம், பின்னாடி லாட்ஜு சுவருதான் தெரியுது. இதுக்கு ஜன்னல் வெச்சு என்ன பிரயோஜனம்? கதவாவே போட்டுடலாம்" என்றார். வீட்டுக்காரரும் தன் புதுக் கண்ணால் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நானும் பார்த்தேன். நாலு மாடி, மேலே கறுப்புத் தண்ணீர் டேங்க். உண்மைதான், ஒன்றும் இல்லை.

அப்புறம்தான் புத்தி வந்தது. நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டு பார்க்கிறோம். "மேஸ்திரி, கொஞ்சம் கையக் குடுங்க" என்றேன். தரையில் உட்கார்ந்து மூன்று வருஷம் ஆகிறது. டாக்டர் கூடாது என்றிருக்கிறார். வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்றார். மேஸ்திரி தோளைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக அத்தை உட்காரும் இடத்தில், அத்தை உட்காருகிற மாதிரி இறங்கி உட்கார்ந்தேன். முட்டி இரண்டும் சத்தம் போட்டன. நிமிர்ந்து பார்த்தேன்.

லாட்ஜு சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் நடுவில், அந்த மூலையிலிருந்து பார்த்தால் மட்டும், சாண் அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்தில் உச்சி இருந்தது. தீபம் ஏற்றுகிற இடம் மட்டும், வேறெதுவும் இல்லாமல்.

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. வாய்தான் திறந்தது. இன்ஜினீயரும் மேஸ்திரியும் வீட்டுக்காரரும் நிற்க, சத்தமாகவே சொன்னேன்.

"அத்த, அப்பாகிட்ட நான் சொல்லவே இல்ல. அவருக்குத் தெரியாது."

வீட்டுக்காரர் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். நான் குடித்துவிட்டு மேஸ்திரியைப் பார்த்து, "பாத்ரூம் வரட்டும், எனக்கும் வேணும். கொட்டாய் இருந்த பக்கமாத் தள்ளிக் கட்டுங்க. இந்த ஜன்னல் மட்டும் இருக்கட்டும்" என்றேன்.

"எவ்ளோம்மா தள்ளணும்?" என்று அவர் டேப்பை எடுத்தார்.

டேப் வேண்டாம் என்றேன். கரித்துண்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, ஜன்னல் விளிம்பிலிருந்து என் முழங்கையை வைத்து, விரல் நுனிவரை ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று சுவரில் அளந்து கோடு போட்டுக் கொடுத்தேன்.